பேச்சுக்கு எட்டு போதும்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். பேசுவதையெல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் பதிவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். உயர்ந்த தரமா, நடுத்தரமா, குறைந்த தரமா என்று அது கேட்கிறது, எதை அழுத்துவது என்றாள். "பேச்சுதானே, குறைஞ்சது போதும்" என்றார் என் பக்கத்து இருக்கைக்காரர். நியாயமான பதில்தான். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. உயர்ந்ததிலேயே வை என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படியாக, கழிப்பறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிய எங்கள் முக்கால் மணி நேர விவாதம் கச்சேரிக்கு உரிய தரத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நெய்யாற்றின்கரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பாறசாலை ஜங்ஷனில் வில்சன் அண்ணனின் கடையில் சேர்ந்திருந்தேன். பழைய கேசட்டை சி.டி.யாக மாற்றித் தரும் கடை. இன்றைக்கும் ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தால், எனக்கு ஊசி நினைவு வராது, அந்தக் கடைதான் நினைவு வரும். கேசட் ஓடுகிற இயந்திரத்தின் தலையைத் தினமும் காலையில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைத்த பஞ்சு பழுப்பாக வரும். ஊராருடைய குரல் எல்லாம் சேர்ந்த அழுக்கு அது என்று அண்ணன் சிரிப்பார்.

கல்யாண வீட்டுப் பாட்டு, கோயில் கொடைப் பாட்டு, பாதிரியார் பிரசங்கம் என்று எல்லாம் வரும். அதற்கெல்லாம் மேலே வந்தவை கல்ஃப் கேசட்டுகள். போன் செய்யக் காசு எண்ண வேண்டியிருந்த நாட்களில், சவூதியிலும் மஸ்கட்டிலும் கிடந்த ஆண்கள் பேசி அனுப்பிய கேசட்டுகள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. ஒரே கேசட் போய்ப் போய் வரும். மனைவி ஒரு பக்கத்தில் பேசி, லீவு முடிந்து போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவாள். கணவன் கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பதில் பேசி, வருகிறவரிடம் கொடுத்துவிடுவான். இவள் அதைக் கேட்டுவிட்டுத் தன் பழைய பேச்சின் மேலேயே புதிதாகப் பேசுவாள். ஆகவே எந்த வீட்டிலும் கடைசியாகப் பேசியது மட்டும்தான் மிஞ்சும்.

நான் அந்தக் கடையில் பெரிய அறிவாளி. அப்படித்தான் எனக்கு நினைப்பு. சத்தத்தைக் கம்ப்யூட்டர் அப்படியே விழுங்குவதில்லை, வாழைக்காய் சீவுவது மாதிரி வினாடிக்கு இத்தனை ஆயிரம் சீவலாக நறுக்கித்தான் எடுத்துக்கொள்ளும் என்று வருகிறவர்களை நிறுத்திவைத்து விளக்குவேன். அவர்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். நாற்பத்திநாலாயிரம் சீவல் என்றால் காதுக்கு எட்டுகிற எல்லாச் சத்தமும் உள்ளே வரும். எட்டாயிரம் என்றால் அடித்தொண்டையும் நடுத்தொண்டையும் வரும், மிக மெல்லிய கூர்மையான சத்தங்கள் வெளியே நின்றுவிடும். டெலிபோனில் வருவது அந்த மாதிரிக் குரல்தான். யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பது தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டும்? இதை வைத்து நானே ஒரு பட்டியல் எழுதி, கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். பாட்டுக்கு நாற்பத்திநாலு, பிரசங்கத்துக்கு இருபத்திரண்டு, பேச்சுக்கு எட்டு. ஃபைல் சின்னதாக இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். பையன் தேவலையே என்று அண்ணன் சொன்ன அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

லீலாபாய் அக்கா பக்கத்துக் கிராமமான கொல்லயிலில் இருந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கைப்பைக்குள் கைக்குட்டை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் கேசட். கணவர் சவூதியில் இருந்தார். அவருக்கு இதை சி.டி.யில் எடுத்து அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை ஒருவர் போகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றார். நான் என் ஒரே கேள்வியைக் கேட்டேன், பாட்டா பேச்சா என்று.

"பேச்சாக்கும் மக்கா. ஆனா இதுல எனக்க மோளு உண்டு" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"எல்லாம் வரும் அக்கா" என்றேன்.

கேசட்டை ஓடவிட்டு ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் யார் வீட்டுக் கதையையோ எதற்குக் கேட்க வேண்டும்? எதிர்க்கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பட்டியலைப் பார்த்தேன். எட்டு. இரைச்சலை நீக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது, அதையும் அழுத்தினேன். முதலில் பதிவான பெரிய ஃபைலை அழித்தேன். எழுநூறு எம்.பி. கொள்ளுகிற தட்டில் ஏழு எம்.பி.யை எழுதிக் கொடுத்தேன். மிச்ச இடமெல்லாம் வெறுமனே கிடந்தது. இன்றும் என்னைத் தூங்கவிடாத கணக்கு அதுதான். இடம் இருந்தது.

பஸ் வந்துவிட்டதென்று அக்கா ஓடினார். கேசட்டைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் அதை மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில் போட்டேன். சி.டி. கிடைத்த பிறகு இது எதற்கு என்று பலரும் விட்டுப்போன கேசட்டுகள் கிடக்கும் பெட்டி அது. ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்பவர்களுக்கு நான்தான் பேசிப் பதிந்து கொடுப்பேன், அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து. முதலில் மலையாளம், பிறகு தமிழ். நிறுத்தாமல் ஓடட்டும் என்று திரும்பத் திரும்ப, இரண்டு பக்கமும் நிரப்பிக் கொடுப்பது வழக்கம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. ஏதோ தன்னுடைய தப்பு போல, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவிய சவூதியில இருந்து விளிச்சாவ மக்கா. நான் பேசியது எல்லாம் கேக்குதாம். மோளு நடக்கியது மட்டும் கேக்கல்லியாம்."

அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. கணவர் சவூதிக்குப் போகும்போது அக்காவுக்கு வயிற்றில் மூன்று மாதம். குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்கத் தொடங்கியது. பேச்சு இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு என்ன அனுப்புவது? காலில் புதுக் கொலுசைப் போட்டு, டேப்பை நடு அறையில் வைத்து, அக்கா வீட்டு விசேஷங்களைப் பேசிக்கொண்டிருக்க, குழந்தை சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது. ஓடி, விழுந்து, எழுந்து, மறுபடியும் நடந்திருக்கிறது. அதைக் கேட்டு அவர் மறுபக்கத்தில் அழுதபடியே பதில் பேசி அனுப்பினார். அந்தக் கேசட் ஊருக்கு வந்து சேர்ந்தபோது குழந்தை இல்லை. இரண்டு நாள் காய்ச்சல். அதனால்தான் அந்தக் கேசட்டில் அக்கா மறுபடி பேசவேயில்லை. பன்னிரண்டு வருடமாக மத்தியான வேளையில் போட்டுக் கேட்பாராம். அப்பா மகளை நேரில் பார்த்ததே இல்லை. லீவில் வந்தபோதெல்லாம் அவரும் கூட உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

கொலுசு மணியின் சத்தம் எட்டாயிரத்துக்குள் அடங்காது. ஏதோ மிச்சம் மீதி வந்திருந்தாலும் இரைச்சல் என்று என் பொத்தான் துடைத்திருக்கும். இதை நான் அந்த நிமிஷமே புரிந்துகொண்டேன். பரவாயில்லை, கேசட் இருக்கிறதே, மறுபடி எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்து பெட்டியைத் துழாவினேன். இல்லை. கீழே கொட்டித் தேடினேன். அப்போது ஜங்ஷன் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வந்தது. வாலிபால் போட்டி, முதல் பரிசு, அனைவரும் வருக, வருக என்று என் குரல். நல்ல ஜப்பான் கேசட்டாக இருக்கிறதே என்று முந்தின நாள் இந்த விளம்பரத்துக்காக நான் பொறுக்கி எடுத்தது நினைவு வந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் உண்டு. அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது. போய்வருகிற கேசட் என்பதால் அவர்கள் உடைத்திருக்கவில்லை. ஆட்டோ கடை வாசலில் வேகம் குறைந்து, அக்காவின் முதுகுக்குப் பின்னால் முழு விளம்பரத்தையும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனது. அக்கா அது போகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார், என் பதிலைக் கேட்பதற்காக.

நிமிர்ந்தபோது என் வாயில் பொய் தயாராக இருந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "பழைய டேப்பாக்கும் அக்கா. சத்தம் தேஞ்சு போயிட்டு. எடுக்கும்பம் மெஷின்ல சிக்கி அறுந்தும் போயிட்டு" என்றேன்.

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நானாக்கும் தேச்சது. தெவசமும் போட்டுப் போட்டு கேட்டேன் இல்லியா. எனக்க மோள நானே தேச்சுக் களஞ்சேன்" என்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். தினம் ஒரு தடவை கேட்டால் கொலுசு சத்தம் முழுக்கத் தேய்ந்து போய்விடாது என்பது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் வகுப்பெடுத்த ஆள்தானே. நான் சொன்னது வேறு. "ஆமா அக்கா. ரொம்பப் போட்டா அப்படித்தான்."

அந்தக் கடையில் மேற்கொண்டு ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். பட்டியலை மறுநாளே கிழித்துவிட்டேன். எலே, உனக்கு என்ன பிராந்தா, எல்லாத்துக்கும் நாற்பத்திநாலு வைத்தால் கம்ப்யூட்டர் தாங்குமா என்று வில்சன் அண்ணன் ஏசினார். பிறகு திருவனந்தபுரத்தில் வேலை, கல்யாணம், ஒரு மகள். அவள் நடக்கத் தொடங்கியபோது மாமியார் கொலுசு வாங்கி வந்தார். வேண்டாம், காலில் கீறும் என்று ஒரே பிடியாக நின்றேன். பொன்னான பேரப்பிள்ளைக்கு வெள்ளிக்கொலுசுக்குக்கூட மனசு வராத கஞ்சன் என்று அந்த வீட்டில் எனக்கு இன்றுவரை பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். அதைவிட மோசமான பெயர் எனக்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கொல்லயிலுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் சின்ன வீடு. அக்கா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சவூதியை முடித்துக்கொண்டு வந்திருந்த கணவர் மட்டும் இருந்தார். பாறசாலைக் கடையில் அக்காவைத் தெரியும் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, உட்காரச் சொல்லி, தானே கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்.

பேச்சு அவர்களுடைய மகள் பக்கம் திரும்பியது. மகளுக்கு ஒரே ஒரு போட்டோ உண்டாம், முதல் பிறந்தநாளுக்கு உறவுக்காரர் ஒருவர் எடுத்தது. கேசட் போன பிறகு அக்கா அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். லீவில் வரும்போதெல்லாம் இவர் கேட்பார், அக்கா திறக்க மாட்டார்.

"பாத்துப் பாத்து இதையும் தேச்சுப் போடுவோம்னு சொல்லுவா. மோளுக்க சத்தத்த நான் தின்னேன், மொகத்த நீங்க திங்காதீங்கம்பா. நானும் செரின்னு விட்டேன்."

அக்கா போன பிறகு பெட்டியைத் திறந்திருக்கிறார். எழுந்து போய் எடுத்து வந்து என் கையில் தந்தார். பல மழைக்காலம் திறக்காமல் கிடந்த பெட்டி. உறையோடு ஒட்டி, முழுக்கப் பூஞ்சை பிடித்து வெளுத்திருந்தது. எது முகம் எது சுவர் என்று தெரியவில்லை.

"பாக்காம பூட்டி வச்சும் இப்பிடி ஆயிட்டே மக்கா. அது எங்க கையில நிக்காது, அவ்வளவுதான்" என்றார்.

மனப்பாடம் செய்துவந்தது அத்தனையும் வாய்க்குள் இருந்தது. நான் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன். சாயா நன்றாக இருந்தது என்று சொன்னேன். மகளைப் பற்றிக் கேட்க இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை, நீ வந்தது நல்லதாயிற்று என்று சொல்லி, அவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். பூட்டிக் கிடந்த அந்த வீட்டை யாரோ வாங்கி இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. பாறசாலையில் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எத்தனையோ வருடத்துக்கு முன்னால், ஒரு நடு அறையில், அப்பா கேட்பதற்காக ஒரு குழந்தை கொலுசு போட்டு நடந்தது என்பதை நினைத்துக்கொண்டிருக்க இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன். நான் அதைக் கேட்டதில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன்.