குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

காரைக்காலில் காலை பத்து மணிக்கு ஒருவனுக்குக் கை நடுங்கினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த வருஷங்களில், பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போனவர்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ச்சி பெற்ற ஊர் இது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு எந்தச் சாஸ்திரம் தெரியாவிட்டாலும் நடுக்கத்தின் சாஸ்திரம் தெரியும். அதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. சந்தேகம் வராதவர்களைப் பார்த்தாலே எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

எனக்குக் கை நடுங்கியது மாத்திரையால். அதுவும் இரண்டாவது மாத்திரையால்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் அலுவலகத்தில் நகல் எழுதும் எழுத்தனாகச் சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் அங்கே இருந்தன. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த குடும்பங்கள் பென்ஷனுக்கும், பிள்ளையைப் பிரான்சுக்கு அனுப்பவும் நகல் கேட்டு வருவார்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எழுத்தின் தலையிலே கிடக்கும் கோட்டையும் புள்ளியையும் ஒன்று விடாமல் அப்படியே இறக்கிவிடுவேன். கையெழுத்துக்காகவே என்னை அந்த நாற்காலியில் போட்டார்கள். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் கை என்னுடையது. இரண்டு வருஷம் புரொபேஷன். அது முடிந்ததும் சூப்பிரண்டு நல்லபடியாக ரிப்போர்ட் எழுதினால் வேலை நிரந்தரம். நாற்று நட்டுக் கூலி வாங்கும் அம்மாவும் அப்பாவும் அந்த ஒரு காகிதத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேர்ந்த ஆறாம் மாதம் மனசு படுத்துவிட்டது. காரணம் எதுவும் கிடையாது. சட்டையில் மூன்று பொத்தான் போட்டுவிட்டு, மீதியைப் போட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். துறைத் தேர்வுக்கு வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். அவர் கொடுத்த முதல் மாத்திரை நாக்கை மரப்பலகையாக ஆக்கியது, மலத்தைக் கட்டியது, ஆனாலும் பாதி ஆளை எழுப்பி உட்கார வைத்தது. மீதி ஆள் படுத்தே கிடந்தான். நாலு மாதம் பார்த்துவிட்டு, அதோடு சேர்த்து லித்தியம் எழுதினார்.

“சாப்பாட்டுல உப்பைக் குறைக்காதீங்க. தண்ணி நல்லா குடிங்க. மாசம் ஒரு தடவை ரத்தம் பாத்துடணும். என்ன?” என்றார்.

தலையாட்டினேன். பாடப்புத்தகத்தை அட்டையோடு மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியவன், இந்த மூன்று வாக்கியத்தைக் காதில் வாங்கினேனே தவிர புத்தியில் வாங்கவில்லை.

மூன்று வாரத்தில் மீதி ஆளும் எழுந்துவிட்டான். அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். சட்டைப் பொத்தானெல்லாம் தானாகப் பூட்டிக்கொண்டது போல இருந்தது. ஆனால் வாயில் எந்நேரமும் செப்புக்காசைச் சப்புகிற ருசி. மணிக்கு ஒருமுறை பானைத் தண்ணீர், மணிக்கு ஒருமுறை கொல்லைப்பக்கம். தீபாவளிக்குத் தைத்த சட்டை பொங்கலுக்கு மார்பில் பிடித்தது. அதோடு இந்த நடுக்கம். பெரிய நடுக்கம் இல்லை; பேனா முனை காகிதத்தைத் தொடும் நேரத்தில் மட்டும் விரல் நுனியில் ஒரு சிலிர்ப்பு. நேர்கோடு வாய்க்கால் வரப்பு மாதிரி வளைந்தது. ஒரு பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், நான் எழுதிய நகலைத் தூக்கிப் பிடித்து, “இதை அங்க வாங்க மாட்டான் தம்பி. வேற யாரையாச்சும் விட்டு எழுதிக் கொடுங்க” என்று திருப்பித் தந்தார். அவர் நல்ல மனிதர். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

சூப்பிரண்டு வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் நேராக நடந்து பார்த்தவர் யாரும் கிடையாது. வாயில் பாக்கும் ஏலக்காயும் அடைத்துக்கொண்டு, அதையும் மீறிய சாராய நாற்றத்தோடு என் மேசையில் குனிந்தார்.

“எத்தனை வருஷமா தம்பி?”

“எதுங்க?”

“அட, எங்கிட்டயா? கையைப் பாத்தாத் தெரியாதா? காலையில கொஞ்சம் போட்டுட்டு வந்துடுங்க, நடுக்கம் நிக்கும். நான்லாம் அப்படித்தான்.”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. எனக்குத் தெரிந்தவரை அந்த அறையில் சாராயத்தின் ருசி அறியாதவன் நான் ஒருவன்தான். அவர்களில் ஒருவன் பியூனிடம், “தண்ணியை எப்புடிக் குடிக்கிறான் பாரு. ராத்திரி சரக்கு ஒசத்தி போலருக்கு” என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் ‘பின்னே ஏன் நடுங்குது?’ என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் ‘மென்டல் மாத்திரை’. குடிகாரனுக்கு எங்கள் அலுவலகத்தில் நாற்காலி உண்டு, பிரமோஷன் உண்டு, சாயங்காலம் தோளில் கை போட ஆளும் உண்டு. பைத்தியத்துக்கு எதுவும் கிடையாது. மருத்துவக் குழு முன்னால் நிறுத்துவார்கள்; வேலை போய்விடும். அவர்களை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அதே தராசில் நானும் கணக்குப் போட்டேன். குடிகாரன் என்ற பெயரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அம்மாவைக் கடைத்தெருவில் நிறுத்திச் சூப்பிரண்டே சொல்லிவிட்டார். “புள்ளை நல்ல புள்ளைம்மா. குடிதான் கெடுக்குது. கோயில்ல கயிறு கட்டிட்டு வரச் சொல்லுங்க. கட்டிட்டு வந்தா ரிப்போர்ட்டை நல்லபடியா எழுதிடறேன்.”

குடியை நிறுத்துகிறவர்கள் அம்மன் முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா வீட்டுக்கு வந்து ஒப்பாரி வைக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே கேட்டாள்.

“ஏண்டா, கயிறு கட்டிக்கிறியா, இல்ல நான் அரளி விதையை அரைக்கட்டுமா?”

“அப்பா தினம் குடிக்கிறாரே, அவருக்குக் கட்டேன்.”

“அவரு சேத்துல நிக்கிறாரு, குடிக்கிறாரு. நீ நாக்காலியில உக்காந்திருக்கிறவன். ஒனக்கு என்னடா வலிக்குது?”

அப்பா அப்போதுதான் சாராயக் கடையிலிருந்து வந்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, “கட்டிக்கடா. மானம் போவுது” என்றார்.

சரி, ஒரு கயிறுதானே என்று போனேன். பூசாரி கண் சிவக்க வந்து கட்டினான். அவன் மூச்சிலும் அதே சரக்குதான். எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டதாரியின் சிரிப்பு. அங்கேயே அம்மா தன் பங்குக்கு ஒரு வேண்டுதலைச் சேர்த்தாள்: இருபத்தொரு நாள் என் பிள்ளை உப்பில்லாமல் சாப்பிடுவான் தாயே. பூசாரி, “நாக்கு அடங்கினா எல்லாம் அடங்கும்” என்றான். நானும் மனசுக்குள் இளக்காரமாக, இதுவும் ஒரு கூத்து என்று ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பூசாரி மூடன்தான். ஆனால் அவனிடம் யாரும் உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

அது சித்திரை மாதம். உப்பில்லாத சோறும் உப்பில்லாத குழம்பும் கொடுத்தாள். வேர்வையில் இருந்த உப்பும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகச் சோம்பல்பட்டு ரத்தமும் பார்க்கவில்லை. ஏழாம் நாள் விரல் நுனியில் இருந்த நடுக்கம் முழங்கைக்கு ஏறியது. ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு. பதினோராம் நாள் அலுவலகப் படிக்கட்டில் கால் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ‘வணக்கம்’ சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மடங்கி வேறு ஏதோ வந்தது. அப்படியே வாந்தி எடுத்து விழுந்தேன்.

“கயிறு கட்டி பன்னண்டு நாள் ஆவலை!” என்றார் சூப்பிரண்டு. குனிந்து என் வாயை முகர்ந்தார். வாசனை இல்லை. அதற்கும் அவர் கலங்கவில்லை. “வாசனை வராத சரக்குப் போலருக்கு. எங்கதான் கிடைக்குதோ” என்றார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அவரே கொண்டுபோனார். ஆள் விட்டு அம்மாவையும் வரவழைத்தார்கள். வந்ததும் வராததுமாகக் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

“சாமி கயிறோட குடிச்சிருக்கியே, நீ வெளங்குவியாடா?”

டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். என் கண்மணி நிலைகொள்ளாமல் ஓடுவதைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். “இது குடி மாதிரி இல்லையே. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்றார். சுற்றிலும் அம்மா, சூப்பிரண்டு. இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். “சொல்லலைன்னா கிட்னி போயிடும். அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது” என்றார்.

சொன்னேன். நாக்கு குழறியதால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அந்த வார்டு முழுக்கக் கேட்டது. உப்பில்லாத சோற்றையும் சொன்னேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, “உப்பு குறைஞ்சா இந்த மருந்து உடம்பிலேயே தேங்கிடும், விஷம். படிச்சவர்தானே நீங்க?” என்றபடி உப்புத் தண்ணீர் பாட்டிலை ஏற்றினார்.

சூப்பிரண்டு கட்டிலை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். அதுவரை வாந்தி பட்ட என் சட்டையைத் தொட்டுத் தூக்கியவர், இப்போது கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“ஏன் தம்பி, குடிகாரன்னே இருந்திருக்கலாமே” என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

நான்கு நாள் கழித்து அவர் திரும்ப வந்தபோது கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. மருத்துவக் குழு, விசாரணை என்று போனால் தனக்கும் எழுத்து வேலை அதிகம் என்றார். குடித்தேன், திருந்தினேன், இனித் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அதை வைத்து நல்ல ரிப்போர்ட் எழுதிவிடுவார். மாத்திரை விஷயம் தன் காதிலேயே விழவில்லை என்று வைத்துக்கொள்வாராம். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “எழுதிக் குடுத்துடுடா. குடின்னா நாலு பேரு வூட்டுல உள்ளதுதான்” என்றாள்.

எழுதினேன். கை இன்னும் முழுதாக அடங்கியிருக்கவில்லை. சூப்பிரண்டு அதை வாங்கிப் பார்த்துத் திருப்தியாக மடித்துப் பையில் வைத்தார்.

வேலை நிரந்தரமானது. இரண்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன், அளவு குறைத்து. ரத்தம் பார்க்கத் தவறுவதில்லை. நகல் எழுதுவதை இன்னொருவனுக்குக் கொடுத்து என்னைத் தபால் பிரிவில் போட்டுவிட்டார்கள். ஊரில் எனக்கு இப்போது மரியாதை அதிகம். குடியை விட்டவன் என்று என்னைக் காட்டுகிறார்கள். போன மாதம் ஒரு பெண் தன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்து, “அண்ணே, எப்புடி நிறுத்துனீங்கன்னு இவருக்குச் சொல்லுங்கண்ணே” என்றாள். அந்த ஆள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “மனசு வச்சா முடியும்ங்க” என்றேன். பதினைந்து வருஷம் படித்தவன் வாயிலிருந்து இதைவிடக் கேவலமான வாக்கியம் எதுவும் வந்ததில்லை. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.