வண்டி நின்றால்தான் போன்

மலைக்கிராமமான நெமொரியின் காவல் சாவடியில் முன்னறை அலுவலகம், பின்னால் வீடு, நடுவில் ஓர் இழுப்புக் கதவு. அந்த வேலையைத் தம்பதிக்குத்தான் கொடுப்பார்கள். சார்ஜென்ட் ரோந்து போயிருக்கும்போது மனைவி போனை எடுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு தானாக டவுன் ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

சார்ஜென்ட் ஒரிகாசாவின் மனைவி ஃபுமியே ஏப்ரலில் மகளைச் செண்டாய் நகரத்துப் பள்ளியில் சேர்க்கப் போனவள் திரும்பவில்லை. ஜூன் மழைக்காலத்தில் விவாகரத்துத் தாள் தபாலில் வந்தது. கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்பினார். ஸ்டேஷனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவரை டவுனுக்கு மாற்றிவிட்டு வேறொரு தம்பதியை அனுப்புவார்கள். டவுனில் ஒண்டியாக இருக்கும் போலீஸ்காரர்களுக்கு ஒரு விடுதி உண்டு. இங்கே வாசலில் நின்று கூப்பிட நாலு பேராவது இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அந்த வழியாக வந்தால் கண்ணில் படட்டும் என்று கொடியில் தன் சட்டைகளோடு ஃபுமியேவின் சமையல் ஏப்ரனையும் காயப்போட்டார்.

காலையில் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவார். பிறகு சின்ன வண்டியில் ரோந்து. தனியாக இருக்கும் கிழவர்களிடம், மகன் மாதிரி பேசி எவனாவது பணம் கேட்டால் அனுப்பாதீர்கள் என்பார்.

"எம் பையன் நெஜமாவே கேட்டாலே குடுக்க மாட்டேன்" என்றார் மேட்டு வீட்டுத் தோராசோ.

வாய்க்காலில் இறங்கிய காரை இழுக்கக் கை கொடுப்பார். மாலையில் அறிக்கை எழுதி முடித்து, கதவை இழுத்துத் திறந்து பின்பக்கம் போவார். வெந்நீர் ஊற்றி நூடுல்ஸ் தின்பார். நின்றுகொண்டே தின்பது பழகிவிட்டது.

அதன் பின் வந்த கோடையில் போன் குறைந்தது. திருட்டுப்போன புல்வெட்டும் மெஷின் அவருக்குத் தெரியும் முன்பே திரும்பி வந்திருந்தது. குடித்துவிட்டுச் சண்டை போட்டவர்கள் மறுநாள் ஒரே வண்டியில் உட்கார்ந்து போனார்கள். ஊர் அமைதியாக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதினார். அடிக்கடி ஊறுகாய் கொண்டுவரும் ஊர்க்காரி கினுகூட ஃபுமியேவைப் பற்றிக் கேட்பதில்லை. அதிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அக்டோபரில் ஒருநாள் மலைப்பாதையில் லாரி ஒன்று சறுக்கிவிட்டதென்று போயிருந்தார். திரும்பி வந்தபோது கினுவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குனிந்து, மரத்தடியில் விழுந்த கஷ்கொட்டைகளைப் பொறுக்கியவளைக் கரடி பின்னாலிருந்து அறைந்திருந்தது. தோள் கிழிந்துவிட்டது.

தோராசோ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரிகாசா அவரிடம் போனார்.

"கரடிய யாருமே முன்னாடி பாக்கலையா?"

"நான் பாத்தேன். காலைல, ஓடைப் பக்கம்."

"ஏன் போன் பண்ணல? ஊர் ஸ்பீக்கர்ல சொல்லியிருப்பாங்க. அந்தம்மா வெளிய வந்தே இருக்க மாட்டாங்க."

"உங்க வண்டி இல்லியே. போன் டவுனுக்குப் போயிடும். அங்க இருக்கிறவன் எடுத்து, வீட்டம்மா எங்கன்னு கேப்பான்."

ஒரிகாசா தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அழுக்கே ஆவாத ஏப்ரன வாரா வாரம் தொவைக்கிறீங்க. எங்களுக்குக் கண்ணு இல்லியா சார்ஜென்ட் ஐயா? ஊர்ல பேசி வெச்சிருக்கோம். சாவடில வண்டி நின்னாத்தான் போன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் கினு படுத்தபடியே சிரித்தாள். "எம் புருஷன்கூட ஒருநாளும் என்னைய அடிச்சதில்ல. கரடிக்கு என்ன உரிமை, கேளுங்க."

"கேஸ் போட்டுடலாம்."

"அது கெடக்கட்டும். ஸ்டேஷன்ல மட்டும் சொல்லிராதீங்க. புதுசா வர்றவன் எப்பிடி இருப்பானோ. நீங்களும் பாவம், எங்க போவீங்க?"

இடது கையால் அவர் கையைத் தட்டினாள். கட்டுப் போட்ட வலது கை அசையவில்லை.

சாவடிக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே டவுனுக்குப் போன் செய்தார். இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"என் மனைவி இங்க இல்ல சார். விவாகரத்து ஆயிடுச்சு. வேற ஆள அனுப்பணும்."

"எப்பலேர்ந்து இல்ல?"

"ஏப்ரல்லேர்ந்து."

"ஏப்ரலா? நீ வெளிய போனா போன யாருய்யா எடுத்தா?"

"யாரும் பண்ணல சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பனி விழும் முன் மாற்றல் உத்தரவு வரும், விளக்கத்தை எழுத்தில் கொடு என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் வீடு வீடாகப் போனார். வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள், டவுனில் எடுப்பார்கள், ஸ்டேஷனுக்கு எல்லாம் தெரியும் என்றார். குனிந்து வணங்கினார்கள். யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

கடைசியாகத் தோராசோ வீடு.

"நீங்களேவா சொன்னீங்க?"

"நாந்தான்."

"நாங்க ஒருத்தன்கூட வாயத் தொறக்கல, சார்ஜென்ட் ஐயா. இத்தன மாசம்."

"தெரியும்."

குளிர் உள்ளே வருகிறது என்று சொல்லித் தோராசோ கதவைச் சாத்தினார்.