ஷம்ஸோவின் பெரிய தட்டு

நாத்தனாரைப் புகழ்ந்து பேசுவது என் குணமில்லை. ஆனால் ஷம்ஸோ விஷயத்தில் வேறு வழியில்லை, புகழ்ந்துதான் ஆகவேண்டும்.

சுவீடனில், கோத்தன்பர்க் நகரில் டிராம் ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று தொழுகை முடிந்ததும் என் கணவர் வர்சமே கூட்டாளிகளோடு வீட்டுக்கு வருவார். சமையல் ஷம்ஸோவுடையது. என் சமையலை யாரும் கேட்பதில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை. எங்கள் சோமாலி வீடுகளில் எல்லாருக்கும் ஒரே பெரிய தட்டுதான். நடுவில் சோறு, மேலே ஆட்டுக்கறி, தொட்டுக்கொள்ள வாழைப்பழம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீண்டால் மானம் போய்விடும்.

வர்சமே டாக்சி ஓட்டுகிறவர். நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, நிறுத்தும் இடமெல்லாம் சர்க்கரை கொட்டிக் கொதிக்கவைத்த டீ. சர்க்கரை நோய் வந்தது, மாத்திரைக்கு அடங்கவில்லை. கோடைக்குள் குறையாவிட்டால் ஊசிதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். இப்படித் தனித்தட்டில் சாப்பிடுங்கள் என்று சுவரில் இருந்த படத்தையும் காட்டினாள்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு கறி. கூடப் போயிருந்த ஷம்ஸோ அதை உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

நான் அவருக்குத் தனித்தட்டு வைத்தேன். தள்ளிவிட்டார்.

"தனியா உக்காந்து திங்க நான் என்ன வேண்டாதவனா? ஊசியே போட்டுக்கறேன், போ!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மாமனாருக்கு இதே நோயில் கால் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். ஷம்ஸோதான் என் தோளைத் தொட்டாள்.

"அழாதீங்க அண்ணி. அவர் தட்டை மாத்த வேணாம். பெரிய தட்டையே மாத்திடறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை அப்படியே தட்டில் இறக்கினாள். பாதித் தட்டு கீரையும் கோசும், கால் பங்கு சோறு, கால் பங்கு கறி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீரைக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்குக் கீரை மட்டும்தான், சோற்றுக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு வெறும் சோறு. சோற்றுப் பக்கம் மாட்டியது யார்? என் வீட்டுக்காரர்தான்! தங்கை சமைத்ததை மிச்சம் வைப்பாரா? மொத்தத்தையும் தின்று தீர்த்தார்.

எதிரே அவருடைய கூட்டாளி நெட்டை ஜிர்தே கீரையை மென்றுகொண்டே கேட்டார்: "ஏம்மா ஷம்ஸோ, ஆட்டை அந்தப் பக்கம் வச்சுட்டு, ஆடு திங்கறதை எனக்கு வச்சிருக்கியே?"

வீடே சிரித்தது. அன்று முதல் அவளுக்குக் 'கீரைக்காரி' என்று பெயர். எங்கள் ஆட்கள் ஒரு பெயரை ஒட்டிவிட்டால் சாகும்வரை போகாது. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் ரத்தத்தில் சர்க்கரை எகிறியதைப் பார்த்து அவள் முகம் செத்துப்போனது.

ஆனால் அவள் விடவில்லை. மறுவாரம் கீரை, கோசு, பீன்ஸ் எல்லாவற்றையும் தட்டின் ஓரம் முழுக்க அகலமாக வளைத்துப் பரப்பினாள். அதற்கு உள்ளே கொஞ்சம் சோறு, நட்ட நடுவில் கறி. யார் எங்கே உட்கார்ந்தாலும் பச்சையைத் தாண்டித்தான் சோற்றைத் தொடமுடியும். டீயிலும் சர்க்கரை இல்லை.

"இது விருந்தா, வைத்தியமா?" என்று ஜிர்தே முனகினார்.

கரண்டியோடு வந்து நின்றாள் ஷம்ஸோ. "பிடிக்கலேன்னா எழுந்து போங்க மாமா. என் அண்ணன் ஒருநாளும் தனியா சாப்பிட மாட்டாரு. அவரு திங்கறதைத்தான் இந்த வீட்டுல எல்லாரும் திங்கணும்."

யாரும் எழுந்து போகவில்லை. வர்சமே மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

இந்தக் கோடையில் கல்யாண வீட்டுக்காரர்கள்கூட அவளைத் தேடி வருகிறார்கள். "கீரைக்காரி வருவாளா?" என்று கேட்கும்போது யாரும் சிரிப்பதில்லை. முதலில் ஆள் அனுப்பியவர் ஜிர்தே, தன் மகள் கல்யாணத்துக்கு.

போன வாரம் நர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "நல்லாக் குறைஞ்சிருக்கு, ஊசி வேணாம். கடைசியில தனித்தட்டுக்கு மாறிட்டீங்களா?"

"இல்லம்மா," என்றார் என் கணவர். "தட்டு அதேதான். இப்ப ஊரே என்கூட உக்காந்து பத்தியம் இருக்கு."