எஸ்கிலின் காதுக்கு எட்டாத கசிவு

லிம்ஃபியோர்ட் கடற்கழியின் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் எஸ்கிலுக்கு வைத்த பட்டப்பெயர் 'காது'. வைத்ததில் தப்பே இல்லை. வீடுகளுக்குச் சூடு கொடுக்கும் வெந்நீர்க் குழாய்கள் அங்கே மண்ணுக்கடியில் ஓடுகின்றன. எங்கே ஒழுகினாலும் எஸ்கில்தான் வருவார். ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு தெருவில் நாலு எட்டு வைப்பார், நிற்பார், கண்ணை மூடுவார், பூட்ஸ் முனையால் ஒரு கோடு கிழித்து "இங்க தோண்டுங்க" என்பார். முப்பத்திரண்டு வருஷத்தில் தோண்டிய குழி வீணாய்ப் போனது இரண்டே தடவைதான். அந்த இரண்டையும் மறக்கவிடாமல் சொல்லிக்காட்ட ஒருத்தர் உண்டு. பக்கத்து வயல்காரர் ஹோல்கர்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் ஒரு கசிவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது எஸ்கிலின் பொழுதுபோக்கு. முன்பெல்லாம் பாட்டிலில் அடைத்தார். பாட்டில் கழுவியே கை தேய்ந்துபோய், ஜனவரியில் இரண்டு எவர்சில்வர் பீப்பாய்கள் வாங்கி அந்த அறையில் இருந்த பழைய ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். ஒரு சிலிண்டர், அதிலிருந்து குழாய், குழாய் வழியாக பீப்பாய்க்குள் கரியமில வாயு. பீருக்கு நுரையும் உயிரும் கொடுப்பது அந்த வாயுதான். ஏற்பாடு என்னவோ ஜோர். ஆனால் நாலு மாதம் வர வேண்டிய சிலிண்டர் நாலு வாரத்தில் காலி. அடுத்தது மூன்று வாரம். மூன்றாவது சிலிண்டர் போன வியாழக்கிழமை மூச்சை விட்டபோது, பீப்பாயில் இருந்த பீரும் அதோடு சேர்ந்து சப்பென்று ஆகிவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். வரும் திங்கள்கிழமை அவருக்கும் விபெக்கேவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அந்த ஊர் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் முந்தின நாளே தேவதாரு இலையால் வாசலில் வளைவு கட்டிவிடுவார்கள். விடிகாலை ஆறு மணிக்குப் பித்தளை ஊதுகுழல்களோடு வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று பாடித் தம்பதியை எழுப்புவார்கள். எழுந்தவர்கள் சும்மா இருக்கக் கூடாது, வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு போட வேண்டும், ரொட்டி, பாலாடைக்கட்டி, பீர் என்று. "கடை பீர் ஒரு சொட்டு கிடையாது, எல்லாம் என் கைப்பக்குவம்" என்று எஸ்கில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வாய் சும்மா இருந்தால்தானே!

"நான் எதுக்கும் நாலு கிரேட் கடை பீர் வாங்கி டிரெய்லர்ல போட்டு வெச்சிருக்கேன்யா," என்றார் ஹோல்கர், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "உன் பீர் சமத்துப் பிள்ளையா பேசாம படுத்துக் கிடந்துச்சுன்னா, பாவம், வந்த ஜனம் என்ன பண்ணும்?"

"உன் கிரேட்டை நீயே திரும்ப உருட்டிட்டுப் போவே பாரு."

"பார்ப்போம். நான்தான் விஷம் தெளிக்கிறவனாச்சே. என் கையால குடுத்தா குடிப்பாங்களோ என்னவோ."

இந்தக் குத்தல் எதற்கு என்று ஊருக்கே தெரியும். போன வருஷம் வசந்தத்தில் எஸ்கில் உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வானம்பாடிகளே காணோம், காலையில் வயல்பக்கம் நடந்தால் ஒரு குரல் கேட்பதில்லை, மேற்குச் சாலையில் பயிருக்கு மருந்தடிக்கும் ஒரு விவசாயிதான் காரணம் என்று. பெயர் போடவில்லை. மேற்குச் சாலையில் இருக்கும் விவசாயி ஹோல்கர் ஒருத்தர்தான். கத்தரித்து எடுத்த அந்தக் கடிதம் இன்னும் அவர் மாட்டுக்கொட்டகைக் கதவில் இருக்கிறது. பேச்சுவார்த்தை நிற்கவில்லை, ஆனால் பேசும்போதெல்லாம் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சனிக்கிழமை காலை எஸ்கில் புதுச் சிலிண்டர் வாங்கி வந்தார். கடைசி சிலிண்டர் அதுதான். பண்டிகை விடுமுறை, இனி செவ்வாய்க்கிழமைதான் கடை திறக்கும். சப்பென்று போன பீர் மறுபடி வாயுவை இழுத்துக்கொள்ள இரண்டு நாளாவது வேண்டும். அதனால் வால்வை மூடி வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை.

எல்லாவற்றையும் தோட்டத்துக்குத் தூக்கி வந்து நல்ல வெயிலில் பரப்பினார். வெந்நீர்க் குழாய்க்காரர் புத்தி அது. அவர் அறிந்த குழாயெல்லாம் சூடேறினால்தான் தன் கோளாறைக் காட்டும். சோப்புத் தண்ணியைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் பூசினார். மூடியின் ரப்பர் வளையம், வால்வு, சிலிண்டர் கழுத்து வாஷர், குழாயின் இரண்டு முனை. ஒரு குமிழி வரவேண்டுமே! அப்படியும் விடாமல் வளையம், வாஷர் எல்லாம் புதிதாக மாற்றினார். பீப்பாய்களை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் குழாயை மாட்டினார். வால்வைத் திறந்துவிட்டு, சிலிண்டரைத் தராசில் வைத்து எடையைச் சுவரில் பென்சிலால் எழுதினார். அழுத்தம் காட்டும் முள்ளை நம்புவதற்கில்லை. குளிரில் அது தானாகவே இறங்கும்.

ஞாயிறு காலை நிறுத்துப் பார்த்தார். பீர் குடித்திருக்கக்கூடியதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் காணோம். மிச்சம் அன்று ராத்திரி வரைக்கும் தாங்காது.

எஸ்கில் வேலைக்குக் கொண்டுபோகும் இரும்புக் கம்பியை எடுத்து வந்தார். ஒரு முனையைக் குழாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது அது. மோட்டார் சத்தம் இடைஞ்சல் என்று ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். தலையை உள்ளே நுழைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் இல்லை. நிசப்தம்.

அப்போதுதான் விபெக்கே அழுக்குத்துணிக் கூடையோடு உள்ளே வந்தாள்.

"அட, ஃபிரிட்ஜை நிறுத்திட்டியா? அப்போ இது என்ன சத்தம்?"

"எது?"

"இதுதான். ஸ்ஸ்ஸ்னு. ரெண்டு மாசத்துக்கு மேல கேக்குதே. ஃபிரிட்ஜ் பழசு, அதான் இப்படின்னு நெனச்சேன்."

எஸ்கில் தலையை வெளியே எடுத்தார். "விளையாடாதே விபெக்கே. இன்னைக்கு எனக்குச் சிரிக்கத் தெம்பில்ல."

"யாரு விளையாடுறா? இந்தா, இங்கதான்." கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, ஃபிரிட்ஜுக்குள்ளே, பீப்பாய்க்குப் பின்பக்கம் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பைத் தொட்டுக் காட்டினாள். "பாம்பு மாதிரி சீறுது. உனக்குக் கேக்கலையா நிஜமா?"

அவர் பிரஷ்ஷை எடுத்து அந்த இடத்தில் பூசினார். பூசிய மறுகணம் குமிழிகள் கொத்துக் கொத்தாய்ப் பொங்கின. வெயிலில் இளகி இறுக்கமாய்ப் பிடித்திருந்த குழாய், குளிரில் விறைத்துக் கிளிப்புக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்குருடிரைவரால் மூன்று சுற்று. குமிழி அடங்கியது.

"நின்னுடுச்சு," என்றாள் விபெக்கே.

எஸ்கில் தலைகீழாய்க் கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். அவருக்கு எதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் எதுவும் தொடங்கவே இல்லை. மண்ணுக்கடியில் வெந்நீர் பீறிடுவது கனத்த சத்தம். அது இன்றைக்கும் அவருக்குத் தெளிவாய்க் கேட்கிறது. மெல்லிசான சத்தம்தான் எப்போதோ, சொல்லாமல் கொள்ளாமல், அவரை விட்டுப் போயிருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. ஊருக்கே காது, தன் வீட்டில் செவிடு. அப்புறம் திடீரென்று நிமிர்ந்தார்.

"விபெக்கே, வானம்பாடி?"

"என்ன வானம்பாடி?"

"கத்துதா? இந்த வருஷம்?"

"கத்தாம? காலையில துணி காயப்போடப் போனா காது கிழியுது. போன வருஷமே சொன்னேன். உனக்கு எது வானம்பாடின்னே தெரியாதுன்னு சொல்லி வாயை அடைச்சிட்டே."

எஸ்கில் முகத்தில் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. காது போன வருத்தத்தை, பறவை போகவில்லை என்ற சந்தோஷம் ஒரே அடியில் தள்ளிவிட்டது. அதன் பின்னாலேயே ஹோல்கரின் மாட்டுக்கொட்டகைக் கதவும் ஞாபகம் வந்து காது மடல் சிவந்தது. கேட்காத காதுக்கு வெட்கம் மட்டும் தெரிகிறது!

மிச்சமிருந்த வாயுவையும் மிச்சமிருந்த நேரத்தையும் வைத்துச் சமாளிக்க ஒரு வழிதான் இருந்தது. பீப்பாயைக் குலுக்கினால் பீர் வாயுவைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். அன்று மத்தியானம் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பீப்பாயைத் தொட்டில் ஆட்டுவது மாதிரி காலால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் புத்தகம் படித்தாள், அவர் ஆரஞ்சுத் தோல் உரித்து அவளுக்குக் கொடுத்தார். வெளியே வாசலில் சுத்தியல் சத்தமும் அடக்கின சிரிப்பும் கேட்டன. வளைவு கட்டுகிறார்கள். வழக்கப்படி இருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி இருந்தார்கள். சாயங்காலம் பீப்பாய்களை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்கள்.

திங்கள் காலை ஆறு மணி. ஊதுகுழல் முழங்கியது, நாற்பது தொண்டை சேர்ந்து பாடியது, அது எஸ்கிலுக்கு நன்றாகவே கேட்டது. ராத்திரி அங்கியோடே கீழே ஓடி, முதல் கோப்பையைக் குழாய்க்கடியில் பிடித்தார். நுரை இரண்டு விரல் உயரம் எழுந்து நின்றது. அதை யாருக்கும் கொடுக்காமல் நேராக ஹோல்கரிடம் கொண்டுபோனார்.

ஹோல்கர் ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு. "சே," என்றார். "நல்லா இருக்குய்யா. என் நாலு கிரேட் வீண்."

"ஹோல்கர், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." கூட்டம் இவர்கள் பக்கம் திரும்பியது. அங்கே விருந்து என்றால் யாராவது எழுந்து பேசியாக வேண்டும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் யாரும் எதிர்பார்க்கவில்லை. "கசிவைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, விபெக்கே. எனக்கு அந்தச் சத்தமே கேக்கல. உன் வயல் வானம்பாடியும் கேக்கல. அதுக எங்கேயும் போகலையாம். நான்தான் செவிட்டுக் காதை வெச்சுக்கிட்டு உன் மேல பழி போட்டேன். மன்னிச்சிடுய்யா."

ஹோல்கர் கோப்பையைக் கீழே இறக்கினார். "அடப் பாவி! நான் தினமும் கேட்டேன்யா. பத்திரிகையில இல்லேன்னு போட்டிருக்கு, அதுவும் 'காது' சொல்லியிருக்கு. எனக்குத்தான் மண்டைக்குள்ள ஏதோ கத்துதுன்னு ஒரு வருஷமா யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன்!"

முதலில் விபெக்கே சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஊதுகுழல்காரர் ஒருத்தர் வளைவில் சாய, அதில் வெள்ளித்தாளில் வெட்டி ஒட்டிய இருபத்தைந்து என்ற எண் கீழே விழுந்தது.

"மறுபடி கடிதம் எழுதணும்," என்றார் ஹோல்கர். "அதே பத்திரிகை, அதே பக்கம். இந்தத் தடவை என் பேரைப் போட்டு."

"எழுதுறேன். நாளைக்குக் கடை திறந்ததும் வேற ஒரு வேலையும் இருக்கு."

"என்ன, சிலிண்டரா, காதா?"

"ரெண்டும்."

ஒன்பது மணிக்குப் பீப்பாய் இரண்டும் காலி, டிரெய்லரிலிருந்த நாலு கிரேட்டும் உள்ளே வந்தன, அதற்கு எஸ்கில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விபெக்கே அவர் கையைப் பிடித்து வேலியோரம் கூட்டிக்கொண்டு போனாள். ஹோல்கரின் பார்லி வயலுக்கு மேலே, வெளிச்சத்தில், ஒரு புள்ளி படபடத்துக்கொண்டு நின்றது.

"அங்க பாரு," என்றாள், விரலை நீட்டி. "இப்போ பாடுது. இன்னும் பாடுது. இன்னும்."

பாட்டு நின்று அவள் விரல் இறங்கும் வரைக்கும் எஸ்கில் பார்த்துக்கொண்டே நின்றார்.