மின்விசிறி சுழல்கிறது

கலெக்டர் ஆபீஸில்

என் கால்கள் எழ மறுத்தது ஒரு திங்கட்கிழமை, அரியலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில். அரியலூர், பெரம்பலூர் செய்திகளை இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதிவரும் நிருபன் நான். எங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் ‘குறைப்பெட்டி’ என் பொறுப்பு. எரியாத தெருவிளக்கு, வராத குடிநீர், வழியும் சாக்கடை. ஐந்து வரி, ஒரு படம்.

இரண்டு நாளாகக் கால் விரல்களில் மதமதப்பு இருந்தது. அன்று குறிப்பெடுத்து முடித்து எழப் பார்த்தேன், முடியவில்லை. மறுபடி முயன்றதில் நாற்காலியிலிருந்து தரைக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் மீன்சுருட்டி ஊர்க்காரர்கள் சிலர் ரோடு கேட்டுத் தர்ணா உட்கார்ந்திருந்தார்கள். காவலர் ஒருவர் குனிந்து கேட்டார்:

“சார், கவர் பண்ண வந்தீங்களா, கலந்துக்க வந்தீங்களா?”

சிரித்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறினேன். ஏற்றப்பட்டேன் என்பதே சரி.

ஒரு மூச்சின் அளவு

உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய் என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். காலில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலும் குணமாகிவிடும். மூச்சுத் தசையைத் தொட்டால் மட்டும் தொண்டையில் குழாய் போட வேண்டியிருக்கும். மூச்சின் பலத்தை அறிய ஒரு சோதனை: ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முதல் நாள் இருபத்தாறு வரை போனேன். மறுநாள் பத்தொன்பது.

“பத்துக்குக் கீழ போனா உடனே என்னைக் கூப்பிடுங்க” என்று வார்டு இன்சார்ஜ் நர்ஸ் பாத்திமாவிடம் டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

பயந்தவன் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்வான். கட்டில் கிறீச்சிடுகிறது, இட்லி கல்லாக இருக்கிறது, எதிர்க்கட்டில்காரர் போனில் கத்துகிறார் என்று வரிசையாக முறையிட்டேன். என் மனைவி ஜெசிந்தா வரதராசன்பேட்டைக்காரி, பள்ளி ஆசிரியை. ஜெபமாலையை மடியில் இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

“இருக்கறதே கொஞ்சம் மூச்சு. அதையும் இட்லியத் திட்டிச் செலவு பண்றீங்க.”

“வேற என்ன பண்ணச் சொல்ற?”

“ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க. தெனம் ஒண்ணு. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே அஞ்சு வரில எழுதி எனக்கு அனுப்புங்க.”

“கால் வராததுக்கா நன்றி?”

“கை வருதுல்ல? அங்கேருந்து ஆரம்பிங்க.”

பாத்திமா லப்பைக்குடிகாட்டுக்காரர். ட்ரிப்ஸைச் சரிசெய்தபடி, “நாங்களும் அப்படித்தாங்க சார். முதல்ல அல்ஹம்துலில்லா, அப்புறந்தான் மாத்திரை” என்றார்.

மேலே பார்த்தேன். விசிறி ஓடியது. போனில் தட்டினேன், பழக்கதோஷத்தில் ஊர்ப்பெயரோடு: ‘அரியலூர்: மருத்துவமனையில் ஏழாம் எண் கட்டிலுக்கு மேலுள்ள மின்விசிறி சத்தமின்றிச் சுழல்கிறது. நோயாளி நன்றாகத் தூங்கினார். ஆண்டவருக்கு நன்றி.’

அதே பழக்கதோஷத்தில் விரல் ஜெசிந்தாவின் பெயருக்குப் பதில் எங்கள் நாளிதழ் டெஸ்க்கின் வாட்ஸ்அப் குரூப்பைத் தொட்டது. நான் கவனிக்கவில்லை.

ஏணியோடு இரண்டு பேர்

மறுநாள் காலை ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தி, கழற்றி, எடுத்துப் போனார்கள். கூரையில் கொக்கி மட்டும் மிஞ்சியது. காரணம் அன்றைய குறைப்பெட்டியில் இருந்தது: ‘சுழலாத மின்விசிறி, தூக்கமின்றி நோயாளிகள் தவிப்பு’.

டெஸ்க்கில் உதவி ஆசிரியர் குமாரைக் கூப்பிட்டேன்.

“விசிறி சுத்துதுன்னு யாராச்சும் நியூஸ் அனுப்புவாங்களாண்ணே? ஒடம்பு முடியாம மாத்தி அடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். இத்தன வருஷத்துல நீங்க ஒரு நல்ல விசிறியப் பத்தி எழுதுனதே இல்லயே!”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்தினாள். எதிர்க்கட்டில் கல்லங்குறிச்சி விவசாயிக்கு அந்த அடக்கமெல்லாம் இல்லை. “ரிப்போர்ட்டரே, இன்னைக்கு எனக்கு நன்றி கின்றி எழுதிப்புடாதீங்க, கட்டிலத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க” என்றார். வார்டே குலுங்கியது.

உள்ளே வந்த பாத்திமா சிரிக்கவில்லை.

“பழுதுன்னு ஏன் எழுதிக் குடுக்கலன்னு ஆஸ்பத்திரி ஆபீஸ்ல என்னைக் கேக்கறாங்க சார். ஓடிச்சுன்னு சொன்னா, பேப்பர்லயே வந்துருக்கேங்கறாங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள விளக்கம் குடுக்கணுமாம். இல்லன்னா இன்சார்ஜ்லேருந்து எடுத்துடுவாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, எண்ணுங்க” என்றார்.

பன்னிரண்டு.

ஆசிரியரைப் போனில் பிடித்தேன். நடந்ததைச் சொல்லவே நாலைந்து மூச்சு பிடித்தது. அவர் உற்சாகமாகிவிட்டார்.

“நல்ல விசிறியக் கழட்டிட்டாங்களா? அடி தூள்யா! கொக்கிய போட்டோ எடுத்து அனுப்பு. நாளைக்கு அதான் லீட் நியூஸ்.”

அருமையான செய்தி. வியர்வை வேறு காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கழற்றியவர்களைக் கேலி செய்து எழுதினால் அந்தக் கோபமும் பாத்திமா மேல்தான் இறங்கும். ஜெசிந்தாவின் விரல் ஜெபமாலையின் ஒரே மணியில் நின்றிருந்தது.

“போட்டோ இல்ல சார். சொல்றேன், எழுதிக்கங்க. விசிறி ஓடியது, தவறு எங்களுடையது.” மூச்சு. “வார்டு பொறுப்பாளர் பாத்திமா (45), நடக்க இயலாத நமது நிருபரை...” மூச்சு. “இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கிறார்.” மூச்சு. “முதுகில் ஒரு புண்கூட இல்லை. ஆண்டவருக்கும் அவருக்கும் நன்றி.”

“யோவ், இது குறைப்பெட்டியா, பூசை மணியா?”

“போடலன்னா... நிருபர் லிஸ்ட்லேருந்து என் பேர எடுத்துடுங்க.”

அதற்கு மேல் என்னிடம் மூச்சு இல்லை. போனை ஜெசிந்தா வாங்கி வைத்தாள். யாரிடமாவது எதையாவது கேட்டு நச்சரிக்கும் ஆசை அன்று முழுக்க எனக்கு வரவில்லை. பயம் இருந்தது. அதனோடு, பள்ளிக்கூடம் லீவு விட்ட பையனைப் போல ஒரு கொண்டாட்டமும் இருந்தது.

திருத்தம்

மறுநாள் ஒரு எழுத்துகூட வெட்டாமல் வந்திருந்தது. பதினோரு மணிக்கு விசிறி திரும்பி வந்தது. பின்னாலேயே பேப்பரோடு பாத்திமா.

“விளக்கம் வேணாம்னுட்டாங்க சார்.”

“அல்ஹம்துலில்லா” என்றேன். ஜெசிந்தா “ஆமென்” என்றாள்.

“அதெல்லாம் சரி. எனக்கு முப்பத்தெட்டு சார். நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க. துபாய்லேருந்து எங்க வூட்டுக்காரரு போன் போட்டு, ‘ஏழு வருஷத்த எங்கிட்ட மறைச்சிட்டியே’ன்னு சிரிக்கிறாரு!”

என் மூச்சு பத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஐந்து மாதம் கழித்து வாக்கரோடு நடந்தேன். இடது பாதம் இன்னும் இழுக்கிறது.

புதிதாக வரும் நிருபர்களுக்கு ஒன்று சொல்வேன். புகார் எழுத உடைந்த பொருள் ஒன்று கிடைத்தால் போதும். நன்றி எழுத, யார் செய்தார், எத்தனை முறை செய்தார், அதனால் எது நேராமல் போனது என்று விசாரிக்க வேண்டும். அது நல்ல பயிற்சி. வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.