புதுப் பாடகன் வேண்டாம் என்ற நாங்கள்

எங்கள் ஊர் ராக் குழு திரும்பி வருகிறது என்ற போஸ்டரை மாத்தளை பஸ் ஸ்டாண்ட் சுவரில்தான் முதலில் பார்த்தேன். படத்தில் ஐந்து பேர் நின்றார்கள். நடுவில் நின்றவனை எனக்குத் தெரியாது. கறுப்பு டீசேர்ட், ஒரு காதில் கடுக்கன். கண்டிப் பொடியனாம், புதுப் பாடகனாம். ஆத்திரத்தில் வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் பல்லேபொல பஸ் போய்விட்டது. அங்கேதான் ஒரு பார்மசியில் எனக்கு வேலை. அன்று முதலாளியிடம் ஏச்சும் வாங்கினேன்.

அந்த நடு இடம் அண்ணனுடையது. சொந்த அண்ணன் இல்லை, எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். நான் பள்ளிக்கூட யூனிபோர்மோடு திரிந்த காலத்திலிருந்தே அவர் பாடுகிறார். தமிழிலும் பாடுவார், சிங்களத்திலும் பாடுவார். கோயில் திருவிழாவில் டிரம்ஸும் கிடாரும் தொடங்கினால் பெரியவர்கள் தகரக் கடை திறந்தாச்சு என்று எழுந்து போவார்கள், நாங்கள் முன்னால் ஓடுவோம். "சாமி கும்பிடப் போனியா, ஆடப் போனியா?" என்று அம்மா கேட்டதெல்லாம் காதில் விழவே இல்லை. கல்யாணம் கட்டி, பிள்ளைகள் பிறந்த பிறகும், புருஷனை இழுத்துக்கொண்டு போய் முன்னால்தான் நிற்பேன்.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கண்டியில் வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது. குரலுக்குப் பதிலாக வெறும் காற்று வந்தது. பக்கத்தில் குனிந்து கேட்டால்தான் பேசுவது விளங்கும். பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அண்ணன் இரண்டு வருஷம் ஓட்டினார். ஆவி பிடித்தார், மருந்து குடித்தார், காலையில் முற்றத்தில் நின்று பாடிப் பழகினார். பாட்டு வரவில்லை. குழுவும் மேடை ஏறாமல் காத்திருந்தது. அவர்கள் காத்திருக்கும்வரை தான் பாடகன்தான் என்று அவர் நம்பினார்.

போஸ்டர் வந்ததும் போனில் எங்கள் ரசிகர் பக்கம் தீப்பிடித்தது. அண்ணன் இல்லாமல் என்ன பேண்ட் என்றார் ஒருவர். பெயரை மாற்றிக்கொண்டு போய்ப் பாடுங்கள் என்றார் இன்னொருவர். குழுவின் படம் போட்ட டீசேர்ட்டைக் கொளுத்தப்போவதாக ஒருவர் சத்தியமே செய்தார். மருந்து எடுத்துக் கொடுக்கும் இடைவெளியில் நானும் எழுதினேன். கல்யாண வீட்டில் மைக் சரிபார்க்கிறவன் இவனைவிட நன்றாகப் பாடுவான் என்று எழுதினேன். அவன் பாடி நான் ஒரு வரிகூடக் கேட்டிருக்கவில்லை. நாங்கள் கொந்தளித்தால் குழு பயந்து அண்ணனுக்காக இன்னும் காத்திருக்கும் என்ற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது.

"நீங்க எழுதுறத எல்லாம் ஒண்ணு விடாம வாசிக்கிறாரு" என்றார் அண்ணி. "இப்ப ரெண்டு இடியாப்பம் கூடச் சாப்பிடுறாரு." அதைக் கேட்டு இன்னும் காரமாக எழுதினேன்.

அப்புறம் புதுப் பாட்டு வந்தது. பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் வினை. பொடியன் அண்ணனைப் போலப் பாடப் பார்க்கவில்லை, தன் பாட்டில் பாடினான். முதலில் பரவாயில்லை என்றார்கள். பிறகு மோசமில்லை. பிறகு இதயங்கள் வரிசையாக வந்தன. கொளுத்தப்போன ஆள் அதே டீசேர்ட்டோடு புதுப் பாடகனைக் கட்டிப்பிடித்துப் படம் போட்டார். நானும் எழுதுவதை நிறுத்தினேன். பொய் எழுத மனம் வரவில்லை, உண்மையை எழுதவும் மனம் வரவில்லை.

ஒரே ஒரு ஐடி மட்டும் விடவில்லை. முகப்பில் டிரம்ஸ் படம், யாருக்கும் தெரியாத பெயர். தினமும் வந்து எல்லாரோடும் மல்லுக்கட்டியது. "அங்கிள், மருந்தக் குடிச்சிட்டுப் படுங்க" என்று பொடியன்மார் கேலி செய்தார்கள்.

ஒரு பின்னேரம் அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவர் போனை என் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, இத வாசி" என்றார் அந்தக் காற்றுக் குரலில். "இவரு மட்டும் விடல்ல. இப்பிடிப் பத்துப் பேரு இருந்தாப் போதும், நம்ம பேண்ட் ஆளுங்க யோசிப்பாங்க."

அந்த ஐடி எழுதியிருந்ததை வாசித்தேன்.

"பல்லேபொல கிரவுண்டில் மழை கொட்டிய நாள் ஞாபகம் இருக்கா? ஒருத்தரும் போகல்ல. பிளாஸ்டிக் கதிரையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. பின் மதில் வரைக்கும் எல்லா வாயும் ஒண்ணாத் திறந்துச்சு. அழுதது யாரு, மழையில நனைஞ்சது யாருன்னு தெரியல்ல."

அன்று நானும் தலையில் கதிரையோடு நின்றேன். நான் பார்த்தது அண்ணனின் நனைந்த சட்டையை, முன்னால் நின்ற நெட்டையனின் முதுகை. அந்த நாளைப் பற்றி யார் எழுதினாலும் அண்ணனைப் பற்றித்தான் எழுதுவார்கள். இதில் அண்ணன் இல்லவே இல்லை, நாங்கள்தான் இருந்தோம். எங்கள் அத்தனை பேரின் முகத்தையும் ஒன்றாகப் பார்க்க மேடையில் மைக்குக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும். பாவம், அண்ணனுக்கு ரசிகனாக எழுதத் தெரியவில்லை. ஒரு நாளாவது கூட்டத்தில் நின்றிருந்தால்தானே.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ரசிகர்" என்றேன்.

"யாரா இருக்கும்?"

"யாரோ வெளியூர் ஆள் போல, அண்ணே."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அண்ணிக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். பொடியன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. குழுவில் இருப்பவர்களும் பிழைக்க வேண்டும். பாட்டு நன்றாக இருந்தால் ரசிகன் கேட்கத்தான் செய்வான். கோபப்பட ஒரு ஆள்கூட மிச்சமில்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மழைப் பதிவுக்குக் கீழே உண்மை என்று எழுதி ஒரு லைக் போட்டேன். வேறு யாரும் போடவில்லை.

மாத்தளை கிரவுண்டில் ஷோ நடந்த அன்று நான் போகவில்லை. சத்தம் எங்கள் தெருவரைக்கும் வந்தது. அண்ணன் வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சாத்தி என்ன, பழைய பாட்டுகளையும் பொடியன்தான் பாடினான், ஊரே சேர்ந்து பாடியது.

மறுநாள் பார்மசியில் போனைத் திறந்தேன். அந்த டிரம்ஸ் ஐடி எழுதியிருந்தது. "நேத்து கேட்டேன். பொடியன் நல்லாத்தான் பாடுறான். இனி அண்ணன எதிர்பார்க்க வேண்டாம்."

அதுவரை என் ஒரு லைக்கைத் தவிர ஒன்றும் காணாத ஐடிக்கு அன்று இதயங்கள் கொட்டின. கேலி செய்தவர்களெல்லாம் இப்பவாவது வந்தீங்களே என்று கட்டியணைத்தார்கள். "அடுத்த ஷோவுக்கு வாங்க அங்கிள், முன்னால சேர்ந்து நிப்போம்" என்று ஒரு பொடியன் கூப்பிட்டிருந்தான்.

அதற்கு அண்ணன் ஒரு லைக் போட்டிருந்தார்.