ஜெகதீசன் பந்தும் மோசஸ் காலும்

மோசஸுக்குக் கோபமே வராது என்று திருப்போரூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். நன்றாக வரும். வந்த கோபத்தை மென்று விழுங்கிவிட்டு மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், அவ்வளவுதான். வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறவன் வேறென்ன செய்வான், சொல்லுங்கள்.

அவருக்குக் கோல்ஃப் மைதானத்தில் கேடி வேலை. ஆடுகிற பெரிய மனிதருடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்க வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மைதானம் இருக்கிற இடத்தில் முன்பு நெல் விளைந்தது. நிலம் ஜெகதீசன் குடும்பத்துடையது. அதில் நட்டதும் அறுத்ததும் மோசஸின் அம்மா சாராளும் அவள் சேரி ஆட்களும். ஜெகதீசன் வீட்டார் நிலத்தை விற்றார்கள், மிச்சத்தில் மனை போட்டார்கள், பெரிய கார் வாங்கினார்கள். கடைசியில் தாங்கள் விற்ற வயலிலேயே பணம் கட்டி உறுப்பினராகி, ஜெகதீசன் கோல்ஃப் ஆட வந்தார். மோசஸ் அவருக்குப் பை தூக்க வந்தார்.

ஜெகதீசன் ஆட்டம் சுமார்தான். ஆனாலும் மனிதர் தோற்பதில்லை. அதற்குக் காரணம் மோசஸின் வலது கால். பந்து புதருக்குள் போய்விட்டால் தேடுகிற சாக்கில் மோசஸ் முன்னால் ஓடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே பந்தைக் கவ்விக்கொண்டு, குனியாமல் கொள்ளாமல் நடந்து நல்ல புல்லில் விட்டுவிடுவார். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஆள் நடக்கிறது மட்டும்தான் தெரியும். "இங்க கீது சார், நல்லாவே கீது" என்று குரல் கொடுப்பார். ஜெகதீசனும் இதை வாய்விட்டுக் கேட்டது கிடையாது. "பாத்துக்கோ மோசஸ்" என்பார். தப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் தப்பில் இரண்டு பேருக்கும் பங்கு, ஊர் சுற்றியது ஒருவர் மட்டும்.

ஊர் சுற்றியது என்றேனே, அதைச் சொல்கிறேன். ஜெகதீசனும் அவருடைய கூட்டாளிகளும் பொங்கல் கழிந்ததும் ஓர் ஆட்டம் போடுவார்கள். அதில் ஜெயிக்கிறவர் எந்த ஊரைச் சொல்கிறாரோ, அந்த ஊருக்குத்தான் அந்த வருஷம் எல்லாரும் கோல்ஃப் ஆடப் போக வேண்டும். முணுமுணுக்கலாம், மறுக்கக் கூடாது. செங்கல்பட்டில் லாரி விடுகிற தமிழ்வாணன் வருஷா வருஷம் தாய்லாந்து தாய்லாந்து என்று தலைகீழாக நிற்பார். ஜெயிப்பது ஜெகதீசன். துபாய் போனார்கள், இலங்கை போனார்கள், மலேசியா போனார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ஜெகதீசன் சொல்வார்: "அடுத்த வாட்டி ஸ்காட்லாந்துடா மோசஸ். இந்த ஆட்டம் பொறந்த ஊரு. உன்னியும் இட்டுக்கினு போறேன்."

மோசஸ் நம்பினார். அவர் ஆசைப்பட்டது விமானத்துக்கோ பனிக்கோ அல்ல. அந்த ஊர் வீடியோ ஒன்றைச் செல்போனில் பார்த்திருந்தார். கடலோர மைதானம், சதுரங்கப்பட்டினத்தில் அடிக்கிற மாதிரியே காற்று. ஆட்டம் முடிந்ததும் ஆடினவரும் பை தூக்கினவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடித்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இங்கே அவருக்குக் காப்பி, கிளப் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், காகிதக் கோப்பையில், நின்றுகொண்டு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மாதிரி உட்கார வேண்டும் என்பதுதான் ஆசை.

பாஸ்போர்ட் எடுத்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார். "இன்னா மச்சான், ஏரோப்ளேன் தெருமுனைக்கே வருதா?" என்று தெருவே கிண்டல் பண்ணியது. மனைவி மார்கரெட் செங்கல்பட்டு பஜாரில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி, அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்தாள். கோவளத்து ஓட்டலில் ஊரான் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடுகிற பெண் அவள். தன் புருஷனும் ஒரு நாள் அப்படி ஓர் அறையில் தங்குவான் என்று அவளுக்கும் ஓர் எண்ணம்.

இந்தப் பொங்கலும் கழிந்தது. ஆட்டத்தன்று காலையில் மோசஸ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தமிழ்வாணன் கேட்டார்: "நீ ஜெயிச்சா ஸ்காட்லாந்துன்ற. மோசஸையும் இட்டாரியா?"

"அவன் எதுக்கு? அங்கியே ஆளு கிடைக்கும். என் மச்சினன் வர்றான்."

"பின்ன ஏன்யா அவனுக்கு ஆசை காட்டிகினு கீற?"

"சொன்னாதான ஓடுவான்" என்றார் ஜெகதீசன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

மோசஸ் காப்பியைக் கீழே ஊற்றினார். நம்பவைத்துக் கழுத்தறுக்கிறவனைக்கூடப் பொறுக்கலாம், அதைச் சொல்லிச் சிரிக்கிறவனை எப்படிப் பொறுப்பது? அப்படியும் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

வெயில் ஏற ஏற ஆட்டமும் சூடு பிடித்தது. கடைசிக் குழிக்கு வந்தபோது ஜெகதீசனும் தமிழ்வாணனும் சரிசமம். ஜெகதீசன் ஓங்கி அடித்தார். பந்து வலப்பக்கம் வளைந்து சீமைக்கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது.

"பாத்துக்கோ மோசஸ்" என்றார்.

மோசஸ் நடந்து போனார். பந்து முள்ளுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. அவர் கழற்றவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். முள்ளுக்குள்ள கீது."

"நல்லா பாரு."

"நல்லாதான் பாத்தேன். உள்ளதான் கீது."

எல்லாரும் வந்து பார்த்தார்கள். இனி ஜெகதீசன் என்ன செய்ய முடியும்? உள்ளே நுழைந்து அடித்தார். சட்டைக் கை கிழிந்தது, பந்து அசையவில்லை. மறுபடி அடித்தார். இன்னும் ஆழத்துக்குப் போயிற்று. ஒருவழியாக அது வெளியே வருவதற்குள் தமிழ்வாணன் தன் பந்தைக் குழியில் போட்டுவிட்டு, "அப்போ தாய்லாந்துதான்" என்று கையைத் தட்டினார்.

ஜெகதீசன் முகம் கறுத்துவிட்டது. மட்டையை வீசி எறிந்துவிட்டு மோசஸ் மேல் பாய்ந்தார். "ஏன்டா, கால் ஒடிஞ்சா பூட்ச்சு உனுக்கு? இத்தினி வருஷமா எடுத்து வெளிய வெக்கத் தெரிஞ்சுதுல்ல? இன்னிக்கி இன்னா கேடு வந்துச்சு?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. தமிழ்வாணன் கையில் இருந்த மட்டையை மெல்லக் கீழே ஊன்றினார்.

"இத்தினி வருஷமாவா ஜெகதீசா?" என்று கேட்டார்.

ஜெகதீசன் தான் எறிந்த மட்டையை எடுக்கக் குனிந்தார். மோசஸ் பையைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் வைத்தார்.

"சொன்னாதான ஓடுவான்னீங்களே சார்" என்றார். "நின்னுட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கேடிகள் பின்வழியாகத்தான் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர் உறுப்பினர்களுடைய கார் நிற்கிற வழியாகவே போய், பெரிய கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினார்.

வீட்டில் மார்கரெட் எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தார். அவளுக்கு வந்ததும் ஆத்திரம்தான். "பைய கீழ வெச்சியா? அவன் தலையில போட்டுட்டு வர்றதுக்கு இன்னா?" என்றாள். பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து அந்துருண்டைகளை உதறிக் கொட்டினாள். பிறகு கொஞ்சம் ஆறி, "எந்த ஊருக்குத்தான் போறாங்களாம்?" என்று கேட்டாள்.

மோசஸ் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"எந்த ஊருக்கோ போவட்டும்" என்றார். "அங்க எவன் கால வெச்சு ஜெயிக்கிறான்னு பாக்கலாம்."